நான்கு வேட்டை நாய்களும் ஒரு பெயரும்

ஆங்கிலேயர் குடும்பப் பெயர்கள்: வரலாற்றுத் தொடர் – 11

இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் 1086-இல் நாட்டின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதவைத்தான். அந்த டூம்ஸ்டே ஏட்டில் டர்ஹாம் பகுதி இடம்பெறவில்லை. வடக்கே டைன் ஆற்றுக்கும் டீஸ் ஆற்றுக்கும் நடுவில் இருந்த அந்த நிலப்பரப்பில் மன்னனைவிட ஆயரின் கைதான் ஓங்கியிருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1183-இல், டர்ஹாம் ஆயர் ஹியூ டி பியூசே தம் நிலங்களுக்குத் தாமே ஒரு கணக்கு எடுக்கச் சொன்னார். எந்த ஊர் யார் கையில் இருக்கிறது, அவர் பணமாகவும் தானியமாகவும் உழைப்பாகவும் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று ஊர் ஊராக எழுதி வைத்தார்கள். போல்டன் ஏடு என்று அதற்குப் பெயர்.

அதில் ஒரு சின்னப் பதிவு. ஹெர்ட்பர்ன் ஊரைச் சேர்ந்த வில்லியம் என்பவர் அந்த ஊரை ஆயரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மாற்றாக வேறோர் ஊரைப் பெற்றுக்கொண்டிருக்கிறார். அங்குள்ள தேவாலயமும் அதன் நிலமும் அவருக்குக் கிடையாது. ஆண்டுக்கு நான்கு பவுண்டு வாரம் செலுத்த வேண்டும். ஆயர் பெருவேட்டைக்குப் புறப்படும்போது நான்கு கிரேஹவுண்ட் நாய்களோடு உடன் போகவும் வேண்டும். மாற்றாகக் கிடைத்த அந்த ஊரின் பெயர் வாஷிங்டன்.

அமெரிக்காவின் தலைநகரமும் ஒரு மாநிலமும் எண்ணற்ற பள்ளிகளும் தெருக்களும் தாங்கி நிற்கும் பெயர், கைமாறிய ஒரு கிராமத்தின் வாரக் கணக்கில்தான் ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊர் மாறியதும் வில்லியமின் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன் வில்லியமாக இருந்தவர் வாஷிங்டன் வில்லியம் ஆனார். அந்தக் காலத்து எழுத்தில் ‘டி வெசிங்டன்’. இதில் அன்றைக்கு யாரும் வியப்படைந்திருக்க மாட்டார்கள். பெயரோடு சேர்ந்த ஊர், இந்த மனிதரின் நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளம் மட்டுமே. நிலம் மாறினால் அடையாளமும் மாற வேண்டியதுதான். நம்மவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊரின் முதலெழுத்தைப் போல, அது இன்னார் எங்கிருந்து வந்தவர் என்று சொன்னது. வழிவழியாக வருவதாக இன்னும் இறுகவில்லை.

இறுகியது பிறகு. நார்மன் படையெடுப்புக்கு முன் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. நிலம் வைத்திருந்த பிரபுக் குடும்பங்களில் அது முதலில் வேரூன்றியது. தந்தையின் நிலத்துக்கு நான் உரியவன் என்று நிறுவ, தந்தையின் ஊர்ப் பெயரையே மகனும் சூடிக்கொண்டான். சாதாரண மக்களிடம் அது மெல்ல மெல்லத்தான் பரவியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் வாஷிங்டன் என்ற பெயரின் பிற்கால வரலாறு முழுமையாக விளங்கும். இந்தப் பெயர் பிறந்தபோதே நில உரிமையின் பத்திரமாகப் பிறந்தது.

வில்லியமின் வழியினர் அந்த ஊரில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் முடிவில் மூத்த கிளையில் ஆண் வாரிசு இல்லாமல் போயிற்று. மகள் எலியனோர் டெம்பஸ்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். நிலமும் அந்தக் குடும்பத்துக்குப் போனது. பெயர் பிறந்த ஊரில் அந்தப் பெயருடைய குடும்பம் இல்லாமல் ஆயிற்று. டர்ஹாம் பேராலயத்து மடத்தில் மட்டும் 1416 முதல் 1446 வரை ஜான் வாஷிங்டன் என்ற துறவி தலைவராக இருந்திருக்கிறார். துறவியானதால் அவரோடு அந்த இழை முடிந்தது.

இளைய கிளைகள் மேற்கே போயின. அவற்றுள் ஒன்று லங்காஷயரில் வார்ட்டன் என்ற ஊரில் தங்கியது. வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு விண்மீன்கள் என்ற குடும்பச் சின்னத்தை அங்கும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்று வாஷிங்டன் நகரின் கொடியில் இருப்பது இந்தச் சின்னம்தான். 1938-இல் அதை ஏற்றார்கள். அமெரிக்க நாட்டுக் கொடியே இதிலிருந்து பிறந்தது என்றும் சிலர் எழுதுவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, நம்ப வேண்டாம்.

வார்ட்டனில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்தாம்டனுக்கு வந்து கம்பளி வணிகத்தில் பொருள் சேர்த்தார். 1532-இல் அந்த நகரின் மேயரானார். அவர் காலத்தில்தான் எட்டாம் ஹென்றி மன்னன் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலத்தைப் பறித்தான். நார்தாம்டன் புனித ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாக இருந்த சல்கிரேவ் பண்ணையை லாரன்ஸ் 1539-இல் மன்னனிடமிருந்து வாங்கினார். விலை 324 பவுண்டு, 14 ஷில்லிங், 10 பென்ஸ். ஆயரின் வேட்டைக்கு நாய் பிடித்துக்கொண்டு போனவரின் வழியில் வந்தவர், துறவிகளின் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கி வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

ஆனால் செல்வம் இரண்டு தலைமுறைகூடத் தாங்கவில்லை. பேரன் காலத்தில் சல்கிரேவ் கைமாறியது. அந்த வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ் (இந்தக் குடும்பத்தில் லாரன்ஸ், ஜான் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து ஆய்வாளர்களைப் படாதபாடு படுத்தியிருக்கின்றன) ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பாதிரியாரானார். எஸ்ஸெக்ஸில் பர்லி என்ற ஊரில் நல்ல வருமானமுள்ள பங்கு கிடைத்தது. 1642-இல் மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. மறு ஆண்டே, சாராயக் கடைகளில் காலம் கழிக்கிறவர் என்று குற்றம் சாட்டி நாடாளுமன்றத் தரப்பினர் அவரைப் பங்கிலிருந்து நீக்கினார்கள். அவர் மன்னன் பக்கம் நின்றவர் என்பதே உண்மையான காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்நாளில் பதவி பறிக்கப்பட்ட பாதிரியார்கள் பலர்மேல் இதே குற்றச்சாட்டு வந்தது. வருமானம் போய், ஒரு சிற்றூர்ப் பங்கில் ஒடுங்கி, வறுமையில் அவர் இறந்தார்.

அவருடைய மகன் ஜானுக்கு இங்கிலாந்தில் நிலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. புகையிலை வாங்க வர்ஜீனியா சென்ற சீ ஹார்ஸ் என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1657-இன் தொடக்கத்தில், திரும்பும் வழியில் பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரை தட்டி மூழ்கியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பகுதியின் பெருநிலக்காரர் நத்தானியேல் போப் தம் மகள் ஆனை அவருக்கு மணம் செய்து கொடுத்து, 700 ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார்.

ஜானைப் பற்றி ஆவணங்களில் மற்றொரு செய்தி இருக்கிறது. தாம் வந்த கப்பலின் உரிமையாளர்மேல் அவர் ஒரு கொலைக் குற்றம் சாட்டினார். பின்னொரு பயணத்தில், ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லித் தூக்கிலிட அந்த மனிதர் விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 1659-இல் மேரிலாந்தில் விசாரணை. அதே நாளில் ஜானின் மகனுக்கு ஞானஸ்நானம். விருந்தினருக்கெல்லாம் சொல்லியாயிற்று, வர இயலாது என்று அவர் எழுதி அனுப்பினார். சாட்சி வராததால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அன்று ஞானஸ்நானம் பெற்ற குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டனின் தாத்தா. தூக்கிலிடப்பட்ட பெண்ணை இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். அவள் பெயர் எலிசபெத் ரிச்சர்ட்சன்.

வர்ஜீனியாவில் அன்று ஆளுக்கு 50 ஏக்கர் என்ற வழக்கம் இருந்தது. கடல் கடந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தால், கூட்டிவந்தவருக்கு 50 ஏக்கர் கிடைக்கும். வேலையாட்களைக் கொண்டுவந்து நிலம் சேர்த்தவர்கள், அடுத்து ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களை விலைக்கு வாங்கினார்கள். புகையிலை மண்ணைத் தின்னும் பயிர், ஆளையும் தின்னும். ஜானின் கொள்ளுப் பேரன் ஜார்ஜ் 1732-இல் பிறந்தபோது அந்தச் சமூகத்தில் நிலமும் அடிமைகளும் சேர்ந்ததுதான் சொத்து. ஜார்ஜுக்குப் பதினொரு வயதில் தந்தை இறந்தார். அந்தச் சிறுவனுக்கு வந்த உரிமைச் சொத்தில் பத்து மனிதர்களும் அடக்கம்.

ஜார்ஜ் வாஷிங்டனின் போர்களையும் ஆட்சியையும் பற்றி இந்தத் தொடரில் எழுதப்போவதில்லை. நமக்கு வேண்டியது அவருடைய பெயர். அதன்மேல் அவருக்கே பெரிய பற்று இருந்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் குலச்சின்ன அதிகாரி சர் ஐசக் ஹேர்ட் அவருடைய முன்னோர் பற்றிக் கேட்டு எழுதினார். 1792 மே மாதம் ஜார்ஜ் பதில் அனுப்பினார்: இதில் நான் மிகக் குறைவாகவே கவனம் செலுத்தியிருக்கிறேன் என்று சொல்லி, தெரிந்ததை மட்டும் குறித்தார். ஹேர்ட் வரைந்த வம்சாவளி தவறு என்பதை 1866-இல் ஜோசப் செஸ்டர் காட்டினார். பதவி பறிபோன அந்தப் பர்லிப் பாதிரியார்தான் ஜானின் தந்தை என்பதை ஹென்றி வாட்டர்ஸ் 1889-இல் உயில்களைத் துருவி நிறுவினார். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் இறந்து தொண்ணூறு ஆண்டு ஆன பிறகுதான் அவர் குடும்பத்தின் ஆங்கில வேர் சரியாகப் பிடிபட்டது.

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் உயிரோடிருக்கும்போதே பெயர் அவரைவிட்டு வெளியே பரவத் தொடங்கியது. 1783-இல் நியூயார்க்கில் பிறந்த ஒரு குழந்தைக்கு வாஷிங்டன் என்பதையே முதற்பெயராக வைத்தார்கள். எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அவர்தான். 1791 செப்டம்பரில் புதிய தலைநகருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. மேற்குக் கரையில் குடியேறியவர்கள் தங்கள் பகுதிக்குக் கொலம்பியா என்று பெயர் கேட்டார்கள். தலைநகரம் அமைந்த கொலம்பியா மாவட்டத்தோடு குழம்பும் என்று நாடாளுமன்றம் 1853-இல் அதை வாஷிங்டன் என்று மாற்றியது. இப்போது குழப்பம் அதைவிட அதிகம்.

1799-இல் தம் இறுதி ஆண்டில் ஜார்ஜ் தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் பட்டியல் ஒன்று எழுதினார். மொத்தம் 317 பேர். அவர்களில் 123 பேர் அவருக்குச் சொந்தம். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு வந்தவர்கள். வயது, வேலை, கணவன் மனைவி யார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் என்பது பிறந்ததே சொத்துரிமையைக் காட்ட என்று மேலே பார்த்தோம். சொத்தாகவே எண்ணப்பட்டவர்களுக்கு அதை எழுத எஜமானர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

எழுதவில்லை என்பதால் அவர்களுக்கு அது இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விடுதலைப் போர் முழுக்க ஜார்ஜின் கூடவே இருந்த வில்லியம், தம்மை விற்ற குடும்பத்தின் லீ என்ற பெயரை வைத்துக்கொண்டார். உயிலின்படி உடனே விடுதலை பெற்றவர் அவர் ஒருவரே. கரோலைன் பிரானம், டேவி கிரே, கிறிஸ்டஃபர் ஷீல்ஸ் என்று மவுண்ட் வெர்னனிலேயே வேறு சிலரின் முழுப் பெயர்களும் கிடைக்கின்றன. இவற்றில் எதுவும் வாஷிங்டன் அல்ல. ஜார்ஜுக்குச் சொந்தமான மற்றவர்களை மார்த்தா 1801 ஜனவரி 1 அன்று விடுவித்தார். மார்த்தாவின் பங்கில் இருந்த 153 பேருக்கு விடுதலை இல்லை.

மவுண்ட் வெர்னனிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர் உண்டு. இந்த வாரம் முழுக்கவே அவரைப் பற்றி எழுத எனக்கு ஆசை. ஹாரி, காம்பியா ஆற்றுப் பக்கம் பிறந்தவர். 1763-இல் சதுப்பு நிலத்தை வடிக்கும் வேலைக்கு ஜார்ஜ் அவரை வாங்கினார். 1771-இல் தப்பி ஓடினார், பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் ஆங்கிலப் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் வர்ஜீனிய ஆளுநர் டன்மோர் பிரபு அறிவித்தார். எஜமானர் அமெரிக்கப் படையின் தளபதியாகப் போயிருந்த நேரத்தில், 1776-இல், ஹாரி மறுபடி தப்பி ஆங்கிலப் படையில் சேர்ந்தார்.

போர் முடிந்து ஆங்கிலேயர் நியூயார்க்கைக் காலி செய்யும் நேரம் வந்தது. 1783 மே மாதம் ஆங்கிலத் தளபதி கை கார்ல்டனைச் சந்தித்த ஜார்ஜ் வாஷிங்டன், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்றார். விடுதலை தருவதாகச் சொன்ன வாக்கை மீற முடியாது என்று கார்ல்டன் மறுத்தார். ஆனால் பின்னால் இழப்பீடு தர நேர்ந்தால் கணக்கு வேண்டுமே என்று, கப்பலேறும் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் முன்னாள் உடைமையாளரையும் ஒரு பதிவேட்டில் எழுதவைத்தார். ஏறக்குறைய 3,000 பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு தளபதி வாஷிங்டனின் சொத்து. ஜார்ஜ் கேட்டதால் எழுதப்பட்ட பதிவேட்டில், ஜார்ஜின் பெயரோடு, ஜார்ஜின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போனார் ஹாரி.

முதலில் கனடாவில் நோவா ஸ்கோஷியா. அங்கே குளிரும் பட்டினியும். 1792-இல் ஏறக்குறைய 1,200 பேர் பதினைந்து கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி சியரா லியோனில் ஃப்ரீடவுனை அமைத்தார்கள். ஹாரியும் அவர்களோடு போனார். காம்பியாவில் பிறந்தவருக்கு இது ஊர் திரும்புவதற்குக் கொஞ்சம் குறைவுதான். நிலத்தை இலவசமாகத் தருவதாக நம்பவைத்து அழைத்துப்போன வணிக நிறுவனம், அந்த நிலத்துக்கு வாரம் கேட்டது. வாரம் கொடுத்தால் நாம் மீண்டும் குடிவாரக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று குடியேறியவர்கள் கொதித்தார்கள். 1800-இல் கிளர்ச்சி வெடித்தது. நிறுவனம் படைகொண்டு அதை அடக்கியது. ஹாரி விசாரிக்கப்பட்டு, ஆற்றுக்கு அப்பால் புல்லம் கரைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தலைவர்களில் ஒருவரானார்.

தலைநகரத்துக்குப் பெயர் தந்த வாஷிங்டனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். வரி கேட்ட அரசை எதிர்த்து நின்றவர் என்பதில் இந்த வாஷிங்டன் அவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல. இரண்டு முறை தப்பி, இரண்டு கண்டங்களில் வாழ்ந்து, கடைசிவரை பணியாதவர்.

அடிமைகளாக இருந்த மற்றவர்களுக்குப் பெயர் சொல்லும் வாய்ப்பு வர இன்னும் நீண்ட காலம் ஆயிற்று. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே. மனிதரின் பெயருக்குப் பொதுவாக இடமே இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865 டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலையான லட்சக்கணக்கானோர் முதன்முதலாகத் தம் பெயரோடு பதிவானார்கள். கறுப்பின அமெரிக்கர்கள் தம் மூதாதையரைத் தேடிப் போகும்போது அந்த 1870 என்ற ஆண்டில் போய் முட்டிக்கொள்வது இதனால்தான். அதற்கு முன்னால் தேட வேண்டுமானால் வேறொருவரின் சொத்துக் கணக்கில் தேட வேண்டும்.

பெயரை எப்படித் தேர்ந்தார்கள்? கடைசி எஜமானரின் பெயரைத்தான் எல்லாரும் ஏற்றார்கள் என்பது தவறான எண்ணம். பலர் அதை வேண்டாமென்று தள்ளினார்கள். சிலர் தாத்தா காலத்து எஜமானரின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். விற்பனையில் சிதறிய உறவினர் தேடி வந்தால் அடையாளம் காண அது உதவும். சிலர் தந்தையின் முதற்பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். சிலர் மதிப்புள்ள ஒரு பெயரைத் தாமாக எடுத்துக்கொண்டார்கள்.

வர்ஜீனியாவில் 1856-இல் அடிமையாகப் பிறந்த ஒரு சிறுவனின் கதையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். விடுதலைக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் உப்பு காய்ச்சும் உலையில் வேலை செய்துகொண்டே பள்ளிக்குப் போனான். ஆசிரியர் வருகைப் பதிவுக்காகப் பெயர் கேட்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் இரண்டு பெயராவது இருக்கிறது. அவனுக்கோ புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து, ‘புக்கர் வாஷிங்டன்’ என்று நிதானமாகச் சொல்லிவிட்டான். அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். தாய் அவனுக்கு டாலிவர் என்றொரு பெயரும் வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டான். 1881-இல் அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன் இவர்தான். 1901-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை நாட்டில் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்ற பெருமிதமும் அதில் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர். அந்நாட்டில் பரவலாக உள்ள பெயர்களில் வேறெதிலும் இவ்வளவு உயர்ந்த விகிதம் இல்லை. மவுண்ட் வெர்னனில் விடுதலையான 123 பேரின் வழியினர் மட்டுமாக இவர்கள் இருக்க முடியாது. முன்னோர் பலர் அந்தப் பண்ணையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் இந்தப் பெயரை ஏற்றார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், நாலைந்து தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்று வாஷிங்டன் குடும்பத்தின் வரலாறு என்று யார் எழுதினாலும், டர்ஹாம் கிளையிலும் சல்கிரேவ் வீட்டிலும் தொடங்கி ஜார்ஜோடு நிறுத்திவிட்டால், பெரும்பகுதியை எழுதாமல் விட்டதாகவே அர்த்தம்.

வால்டர் வாஷிங்டன், அடிமைகளாக இருந்தவர்களின் வழியில் வந்தவர். 1915-இல் ஜார்ஜியா மாநிலத்தில் டாசன் என்ற ஊரில் பிறந்தார். தலைநகர மக்களுக்குத் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை நூறாண்டுக்கு மேலாக இல்லாமல் இருந்தது. அந்த உரிமை திரும்பக் கிடைத்ததும் 1974-இல் நடந்த தேர்தலில் அவர் வென்றார். 1975 ஜனவரியில், வாஷிங்டன் நகரின் மேயராக வாஷிங்டன் பதவியேற்றார்.

(அடுத்த வாரம்: அம்பு செய்தவர்களின் வழியில் வந்த ஃப்ளெட்சர்கள்)